ஸ்டாட்டின் பக்கவிளைவைக் கண்டறிய எது உதவும்? சிபிகே, மரபணுச் சோதனை, வளர்சிதைமாற்ற அலசல், மறைப்புச் சோதனை: ஓர் ஒப்பீடு

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளில் ஒன்றான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் தொடங்கிச் சில வாரங்களான ஒருவர், மாடிப்படி ஏறும்போது தொடை கடுக்கிறது என்று மருத்துவரிடம் வருகிறார். அது மாத்திரையால் வந்த வலியா, வயதால் வந்த வலியா, பக்கவிளைவுகளைப் பற்றிப் படித்ததால் மனம் எதிர்பார்த்து உணர்கிற வலியா என்று பிரித்தறிய இன்று நான்கு வழிகள் பேசப்படுகின்றன. தசை சிதைந்து இரத்தத்தில் கசியும் சிபிகே என்ற நொதியை அளப்பது முதல் வழி. மருந்தைக் கல்லீரலுக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்தின் மரபணுவைப் படிப்பது இரண்டாவது. இரத்தத்தில் உள்ள நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒரே ஓட்டத்தில் அளந்து, மருந்துக்கு முன்னும் பின்னும் அவற்றின் கோலம் எப்படி மாறியது என்று பார்க்கும் வளர்சிதைமாற்ற அலசல் மூன்றாவது. எந்த மாதம் எந்த மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியாமல் உண்மை மருந்தையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் மறைப்புச் சோதனை நான்காவது.

ஒப்பிடுவதற்கு முன், தவறினால் எந்தப் பக்கம் எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2016-இல் லான்செட் இதழில் ரோரி காலின்ஸ் குழுவினர் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 10,000 பேர் ஐந்து ஆண்டுகள் இந்த அளவிலான ஸ்டாட்டினை எடுத்துக்கொண்டால், சுமார் 5 பேருக்குத் தசை நோயும், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், 5 முதல் 10 பேருக்கு மூளை இரத்தக்கசிவும் கூடுதலாக வரக்கூடும். ஏற்கெனவே இதய நோய் உள்ள 10,000 பேரில் சுமார் 1,000 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகளை அதே மருந்து தடுக்கிறது. ஆகவே உண்மையான தீங்கைத் தவறவிடுவது ஒரு பிழை என்றால், இல்லாத தீங்கை மருந்தின் மேல் ஏற்றி மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பரவலான பிழை. எந்தச் சோதனையையும் இந்த இரண்டு பிழைகளையும் வைத்தே எடைபோட வேண்டும்.

சிபிகே சோதனைக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. சிறிய ஊர் ஆய்வகத்திலும் செய்கிறார்கள். முடிவு அன்றே வரும். வழக்கமான மேல்வரம்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டி, கூடவே தசை வலியோ தளர்ச்சியோ இருந்தால் மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பேயர் நிறுவனத்தின் செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, தசை சிதைந்து சிறுநீரகம் பழுதான 52 மரணங்கள் அதனுடன் தொடர்புபடுத்தப்பட்டிருந்தன. அவர்களில் பலர் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்தவர்கள். அத்தகைய பேராபத்தைக் கண்டுகொள்ள சிபிகேயைவிட வேகமான கருவி இன்றும் இல்லை. மாத்திரையை நிறுத்தியும் சிபிகே இறங்காமல் தசை தளர்ந்துகொண்டே போனால், ஸ்டாட்டின் தடுக்கிற எச்.எம்.ஜி.-கோஏ ரிடக்டேஸ் நொதிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேட வேண்டும் என்ற குறிப்பையும் அதுவே தருகிறது. அந்தத் தன்னெதிர்ப்புத் தசை நோய் மிக அரிது. ஆனால் அதைச் சாதாரண ஸ்டாட்டின் வலி என்று எண்ணிக் காத்திருந்தால் மீள முடியாத இழப்பு நேரும்.

சிபிகேயின் குறை, அது தசை இழை உடைந்த பின்னரே பேசுகிறது என்பது. வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எண் இயல்பாகவே இருக்கும். முந்தின நாள் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவருக்கோ உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவருக்கோ மாத்திரை எதுவுமில்லாமலே எகிறும். வரப்போகும் தீங்கைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை.

வருமுன் சொல்வதற்கு மரபணுச் சோதனை ஒரு படி மேல். கல்லீரல் உயிரணுவின் சவ்வில் ஓஏடிபி1பி1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது; இரத்தத்திலிருந்து ஸ்டாட்டினை உள்ளே இழுப்பது அதன் வேலை. எஸ்எல்சிஓ1பி1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியவர்களுக்கு அந்தக் கடத்தி மந்தமாகிவிடுவதால் மருந்து இரத்தத்தில் தேங்கித் தசைக்கு அதிகமாகப் போய்ச் சேர்கிறது. பிரிட்டனில் நடந்த 'சர்ச்' (SEARCH) ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் எடுத்துத் தசை நோய் வந்த 85 பேரையும் வராத 90 பேரையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான முடிவு இத்துறையில் ஒரு மைல்கல். மாறிய எழுத்தின் ஒரு படி இருந்தால் தசை நோய்க்கான வாய்ப்பு சுமார் நாலரை மடங்கு. இரண்டு படியும் மாறியிருந்தால் ஏறக்குறைய பதினேழு மடங்கு. அந்தத் தசை நோய்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்த ஓர் எழுத்தே காரணமாக இருக்கலாம் என்று கணித்தார்கள். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு ஒற்றை மரபணு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது அபூர்வம்.

ஆனால் அந்தத் தெளிவு சிம்வாஸ்டாட்டினுக்கும் உயர்ந்த அளவுக்கும் உரியது. 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 80 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்று கட்டுப்படுத்திய பின், சோதனை மிகச் சிறப்பாக வேலை செய்யும் இடமே சுருங்கிவிட்டது. ரோசுவாஸ்டாட்டினில் இந்த மரபணுவுக்கும் தசை வலிக்கும் உள்ள தொடர்பு வலுவாக இல்லை. தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு செய்தியும் இங்கே உண்டு. சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் ஆகியோருக்கு ஒரே அளவு ரோசுவாஸ்டாட்டின் கொடுத்து அளந்த ஆய்வு 2005-இல் வெளியானது. வெள்ளையரோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் சேர்ந்த மொத்த மருந்து இந்தியருக்குச் சுமார் 1.6 மடங்காகவும் சீனருக்குச் சுமார் 2.3 மடங்காகவும் இருந்தது. எஸ்எல்சிஓ1பி1 மரபணு வேறுபாட்டை வைத்து இதை விளக்க முடியவில்லை. ஆசிய வம்சாவளியினருக்கு 5 மில்லிகிராமிலிருந்து தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பில் வந்ததற்கு இத்தகைய அளவீடுகளே அடிப்படை. மரபணு என்பது ஒரு சாத்தியத்தை மட்டும் சொல்கிறது; குறிப்பிட்ட ஒருவரின் இரத்தத்தில் இன்று எவ்வளவு மருந்து இருக்கிறது, உடல் அதை என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வளர்சிதைமாற்ற அலசல் முன்வருகிறது.

இந்த அலசலுக்கு இரண்டு விதமான கருவிகள் உள்ளன. அணுக்கரு காந்த ஒத்திசைவு முறையான என்.எம்.ஆர். மலிவானது, ஒரே மாதிரியை இன்று ஓட்டினாலும் அடுத்த ஆண்டு ஓட்டினாலும் ஒரே விடையைத் தருவது. ஆனால் இரத்தத்தில் ஏராளமாக உள்ள கொழுப்புத் துகள்கள், அமினோ அமிலங்கள், குளுக்கோஸ் போன்றவற்றையே அது காணும். மூலக்கூறுகளை அவற்றின் எடையை வைத்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி அதைவிடப் பல மடங்கு நுண்ணிய அளவுகளைப் பிடித்துவிடும்; ஆனால் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு நேரடியாக வைத்துப் பார்ப்பது கடினம்.

இந்த வழியின் மேல் நம்பிக்கை பிறக்கக் காரணமானவற்றில் 2006-இல் வெளியான ஒரு பின்லாந்து ஆய்வு முக்கியமானது. ரெய்யோ லாக்சோனென் குழுவினர் நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, எட்டு வாரம் சிலருக்குச் சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம், சிலருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், மற்றவர்களுக்குப் போலி மாத்திரை கொடுத்தார்கள். தசையிலிருந்து சிறு துண்டு எடுத்து மரபணுக்களின் செயல்பாட்டை அளந்தார்கள். இரத்தத்தில் நூற்றுக்கணக்கான கொழுப்பு மூலக்கூறுகளையும் அளந்தார்கள். கெட்ட கொழுப்பான எல்டிஎல் இரண்டு மருந்துகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இறங்கியிருந்தது. தசையிலோ, சிம்வாஸ்டாட்டின் குழுவில் 111 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருக்க, அட்டோர்வாஸ்டாட்டின் குழுவில் ஐந்தும் போலி மாத்திரைக் குழுவில் ஒன்றும் மட்டுமே மாறியிருந்தன. அழற்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் தசைச் செயல்பாட்டுக்கும் இரத்தத்தில் மாறிய கொழுப்பு மூலக்கூறுகளின் கோலத்துக்கும் தொடர்பு இருந்தது. வழக்கமான கொழுப்புச் சோதனையில் இரண்டு மருந்துகளும் ஒன்றுபோல் தோன்ற, விரிவான அலசல் அவற்றைப் பிரித்துக் காட்டியது. தசையைத் துளைக்காமல் இரத்தத்திலிருந்தே தசையின் நிலையைப் படிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது.

என் மதிப்பீட்டில் அந்த ஆய்வின் பெருமை மருந்துகளைப் பிரித்ததில் இருக்கிறது. நோயாளிகளைப் பிரித்ததில் இல்லை. இந்த வேறுபாட்டை அலசலின் ஆதரவாளர்கள் அடிக்கடி கடந்துபோய்விடுகிறார்கள். ஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பதற்கென்றே கொடுக்கப்படும் மருந்து; அதை எடுத்த எல்லோருடைய கொழுப்புக் கோலமும் மாறத்தான் செய்யும். தீங்குக்கான அடையாளம் அந்தப் பெருமாற்றத்துக்கு அடியில் கிடக்கும் ஒரு சிறு வேறுபாடு. பீட்டர் வூர்ட்ஸ் குழுவினர் 2016-இல் வெளியிட்ட என்.எம்.ஆர். ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. நான்கு மக்கள்தொகை ஆய்வுகளில் 5,590 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 716 பேர் இடையில் ஸ்டாட்டின் தொடங்கினார்கள். அவர்களிடம் வந்த மாற்றங்களை, ஸ்டாட்டின் தடுக்கிற அதே நொதியின் மரபணுவில் பிறவியிலேயே சிறு வேறுபாடு கொண்டவர்களின் கோலத்தோடு பொருத்திப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய அச்சாக ஒத்துப்போயின. அமினோ அமிலங்கள், கீட்டோன்கள், குளுக்கோஸ் எரியும் பாதையின் பொருள்கள் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மருந்து தன் இலக்கைத் தாக்குகிறது, வேறெங்கும் பெரிதாகக் கைவைக்கவில்லை என்ற இந்த முடிவு மருத்துவ உலகுக்கு ஆறுதலானது. ஆனால் தொடை கடுக்கும் ஒருவரின் இரத்தத்தை அதே கருவியில் ஓட்டினால் அவர் மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறார் என்பதுதான் முதன்மையாகத் தெரியவரும்.

முழுக் கோலத்தைப் பார்ப்பதைவிட, தேர்ந்தெடுத்த சில மூலக்கூறுகளைப் பார்ப்பது கூடுதலாகப் பயன் தரும் என்பதற்கு நார்வே ஆய்வாளர்களின் 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை நல்ல சான்று. அட்டோர்வாஸ்டாட்டினால் தசை நோய் வந்தவர்களையும் நலமாக இருந்தவர்களையும் ஒப்பிட்டதில், தாய் மருந்தின் அளவு இரு தரப்பிலும் ஒன்றாகவே இருந்தது. உடலில் அது மாறி உருவாகும் லாக்டோன் வடிவமோ தசை நோய் வந்தவர்களிடம் சுமார் 2.4 மடங்கு உயர்ந்திருந்தது. லாக்டோன் வடிவங்கள் தசை உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்திச் சங்கிலியின் மூன்றாம் கூட்டமைப்பைத் தடுக்கின்றன என்று 2015-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு காட்டியது. அளவிடக்கூடிய ஒரு பொருளும் அது தீங்கு செய்யும் விதமும் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் பெரிய ஆய்வுகளில் உறுதியாக வேண்டும். என்றாலும், ஆயிரம் உச்சிகள் கொண்ட வரைபடத்தைவிட இப்படிப்பட்ட ஓர் எண்ணின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வரியில் முடிந்துபோகும் மாதிரி சேகரிப்புதான் நடைமுறையில் பெரிய தடை. எடுத்த இரத்தம் குழாயில் அறை வெப்பத்தில் நின்றால் சிவப்பணுக்கள் மணிக்குச் சுமார் ஐந்து முதல் ஏழு விழுக்காடு குளுக்கோஸைத் தின்றபடி லாக்டேட்டை வெளியிடும். இரண்டு மணி நேரம் தாமதமானால் கருவி அளப்பது நோயாளியின் வளர்சிதைமாற்றத்தை அல்ல, குழாயின் வளர்சிதைமாற்றத்தை. லாக்டோன் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். இரத்தத்தின் இயல்பான காரத்தன்மையில் அது நீரோடு வினைபுரிந்து தாய் மருந்தின் அமில வடிவத்துக்குத் திரும்பிவிடும். எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, சற்றே அமிலத்தன்மையுள்ள கரைசல் சேர்த்து உறைய வைக்காவிட்டால் உயர்ந்திருந்த லாக்டோன் ஆய்வகம் போவதற்குள் இறங்கியிருக்கும். காலையில் பத்து வீடுகளில் இரத்தம் எடுத்து மதியத்துக்குள் ஆய்வகம் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு சிபிகே பழுதின்றி ஒத்துப்போகும், லாக்டோன் ஒத்துப்போகாது.

மறைப்புச் சோதனை இவை எதிலும் சேராதது. அதற்குக் கருவியே தேவையில்லை. முதலில் பின்னணியைச் சொல்ல வேண்டும். 2022-இல் லான்செட்டில் வெளியான கூட்டுப் பகுப்பாய்வு, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 19 ஆய்வுகளின் 1,23,940 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. தசை வலியோ தளர்ச்சியோ இருந்ததாகச் சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 விழுக்காடு, போலி மாத்திரைப் பக்கம் 26.6 விழுக்காடு. முதலாண்டில் மட்டும் ஸ்டாட்டின் பக்கம் சற்றுக் கூடுதல். அங்கேயும் சொல்லப்பட்ட பதினைந்து வலிகளில் ஏறக்குறைய ஒன்றுதான் மருந்தால் வந்தது. வலி பொய் என்பது இதன் பொருளல்ல. வலி உண்மை, காரணம்தான் பெரும்பாலும் வேறு.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாம்சன் ஆய்வு, முன்பு பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரைச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு குப்பிகள்: நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் குப்பிகள். மாதம் ஒன்றாக, முன்பே குலுக்கிப்போட்ட வரிசையில் எடுத்துக்கொண்டு, நாள்தோறும் கைப்பேசிச் செயலியில் தொல்லை எவ்வளவு என்று நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். மாத்திரை இல்லாத மாதங்களின் சராசரி 8.0, போலி மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. அதாவது மாத்திரை விழுங்குவதால் கூடிய தொல்லையில் தொண்ணூறு விழுக்காடு போலி மாத்திரையிலேயே வந்துவிட்டது. தங்கள் வரைபடத்தைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப்பேர் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள். வேறு எந்தச் சோதனையின் முடிவும் ஒரு நோயாளியின் மனத்தை இப்படி மாற்றியதாகத் தெரியவில்லை.

அதன் குறை ஓராண்டுக் காலம், போலி மாத்திரை தயாரிக்கும் செலவு, பொறுமை. சிபிகே எகிறியவருக்கு இதைச் செய்யவும் கூடாது. இருப்பினும் சிபிகேயும் தைராய்டுச் சோதனையும் இயல்பாக இருந்தால், மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, வலி போகிறதா என்று குறித்துவைத்து, குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாட்டினிலோ மீண்டும் தொடங்கும் எளிய வடிவம் எந்த மருத்துவமனையிலும் சாத்தியம். மறைப்பு இல்லாததால் எதிர்பார்ப்பின் கலப்படம் அதில் இருக்கும். இருந்தாலும், தசை வலிக்காக ஒருவர் பணம் கொடுத்து முழு வளர்சிதைமாற்ற அலசல் செய்துகொள்வதைவிட இதுவே மேல் என்பேன். தைராய்டு சுரப்பு குறைந்திருப்பது தெரிந்து அதைச் சரிசெய்ததாலேயே தொல்லை தீர்ந்தவர்களும் உண்டு.

சர்க்கரை நோய்க்கு வந்தால் ஒப்பீடு மாறுகிறது. இங்கே வலி இல்லை, எதிர்பார்ப்பு இல்லை. மறைப்புச் சோதனைக்கு வேலையே இல்லை. சிபிகேக்கும் வேலை இல்லை. 2024-இல் வந்த கூட்டுப் பகுப்பாய்வின்படி குறைந்த, நடுத்தர அளவு ஸ்டாட்டின் புதிய சர்க்கரை நோயைப் பத்து விழுக்காடும், உயர் அளவு 36 விழுக்காடும் கூட்டுகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்குத்தான் வளர்சிதைமாற்ற அலசல் சுவையான விடைகளைத் தருகிறது. சியாட்டில் சிஸ்டம்ஸ் பயாலஜி நிறுவனத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் எச்.எம்.ஜி. என்ற மூலக்கூறின் உயர்வு ஸ்டாட்டின் எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதன் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஸ்டாட்டின் தடுக்கிற நொதி தடைபட்டால் அதற்கு முந்தைய பொருள் தேங்கும் என்ற நேரான தர்க்கம் அது. குடலில் பாக்டீராய்டிஸ் வகை நுண்ணுயிர்கள் மிகுந்தவர்களிடம் மருந்து கொழுப்பைக் கூடுதலாகக் குறைத்தது. அவர்களிடமே இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாகக் காணப்பட்டது. நன்மையும் தீமையும் ஒரே ஆளிடம் சேர்ந்தே ஏறுகின்றன என்பதை சிபிகேயோ ஒற்றை மரபணுவோ சொல்லியிருக்க முடியாது.

ஆனால் அதே 2024 பகுப்பாய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கூடுதலாக வந்த சர்க்கரை நோயில் சுமார் 62 விழுக்காடு, தொடக்கத்திலேயே சர்க்கரை அளவு மேல் கால்பகுதியில் இருந்தவர்களிடம் வந்தது. நோயின் வாசற்படியில் நின்றவர்களையே மருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. யார் வாசலில் நிற்கிறார்கள் என்று சொல்ல, மூன்று மாதச் சராசரியைத் தரும் எச்பிஏ1சி போதும். சர்க்கரை நோய் இளவயதிலேயே வரும் தமிழ்நாட்டில், ஸ்டாட்டின் தொடங்கும் நாளில் இதைப் பார்த்து வைப்பது வீண் செலவாகாது. அலசல் காரணத்தை விளக்குவதில் வெல்கிறது. யாரைக் கண்காணிக்க வேண்டும் என்பதைப் பழைய சோதனையே சொல்லிவிடுகிறது.

இத்தகைய விரிவான அலசலுக்கு முழு நியாயம் கிடைக்கும் இடம், ஒரு புதிய மருந்து மக்களிடம் வருவதற்கு முந்தைய ஆய்வுக் கட்டம். ஃபைசர் நிறுவனத்தின் டோர்செட்ராபிப் என்ற மருந்து நல்ல கொழுப்பை 72 விழுக்காடு உயர்த்தி எல்டிஎல்லையும் குறைத்தது. ஆயினும் 15,067 பேர் பங்கேற்ற ஆய்வு, அந்த மருந்தை எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது; இறுதிக் கணக்கில் எடுத்தவர்களில் 93 பேரும் எடுக்காதவர்களில் 59 பேரும் இறந்திருந்தார்கள். பின்னாளில் அந்த ஆய்வில் சேமித்த 249 பேரின் இரத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அளந்து 2018-இல் ஒரு குழு வெளியிட்ட முடிவு, மூன்றாம் மாத மாதிரியிலேயே அபாயக் கணக்கு ஏறியிருந்ததைக் காட்டியது. அது புரத அலசல், வளர்சிதைமாற்ற அலசல் அல்ல. ஆனால் தர்க்கம் ஒன்றே. தனி மனிதருக்கு எண் சொல்லும் துல்லியம் இல்லாவிட்டாலும், இருநூறு பேரின் சராசரி எந்தத் திசையில் நகர்கிறது என்று சொல்லும் துல்லியம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. மருந்தை அனுமதிப்பவர்களுக்குத் தேவைப்படுவதும் அந்தச் சராசரிதான்.

ஸ்டாட்டின் தாங்காதவர்களுக்காக வந்த கொழுப்பு மருந்தான பெம்பிடோயிக் அமிலம், முதன்மையாகக் கல்லீரலில் உயிர்பெறுகிறது. அதை இயக்கும் நொதி தசையில் இல்லை. 13,970 பேரிடம் சோதித்து 2023-இல் வெளியான முடிவில் இதய நிகழ்வுகள் 13 விழுக்காடு குறைந்திருந்தன; கீல்வாத வகையான கவுட் 3.1 விழுக்காட்டினருக்கு வந்தது, போலி மாத்திரைப் பக்கம் 2.1 விழுக்காடு. சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியில் இந்த மருந்து குறுக்கிடுவதே காரணம். இந்த மாத்திரை எடுப்பவருக்குக் கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் சிபிகேயை அல்ல, யூரிக் அமிலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை எந்த ஆய்வகத்திலும் பார்த்துவிடலாம்.